தாய்மாமன் ஒருதரம்

என் ஸ்டூடியோவுக்கு யார் வந்தாலும், பெயரைக் கேட்பதற்கு முன்னால், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். உபசாரம் என்று நினைத்து மகிழ்ந்துபோவார்கள். மொச்சைக் குழம்பு என்று பதில் வந்தால், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். வயிறு முணுமுணுப்பது வயிற்றின் சொந்தக்காரருக்குக் கேட்காது. என் மைக்குக்குக் கேட்கும்.

சிதம்பரம் வடக்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மேல் மாடியில் ‘மௌனம் ரெக்கார்டிங்’ இருந்தது. போயும் போயும் மாவு மில்லுக்கு மேலேயா ஸ்டூடியோ வைப்பாய் என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்கள் யாரும் வேறு இடம் பார்த்துக் கொடுத்ததும் இல்லை. மில் ஓடக் கூடாது, கோயில் மணி அடிக்கக் கூடாது, ரயில் கூவக் கூடாது, எதிர்வீட்டு நாய் தூங்க வேண்டும். இவ்வளவும் கூடிவருகிற நேரத்தில்தான் பதிவு.

உள்ளே வருகிறவர்கள் வளையல், கொலுசு, சாவிக்கொத்து, சில்லறை, செல்போன் எல்லாவற்றையும் வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட வேண்டும். ஏ.சி. உண்டு. ஆனால் சிவப்பு விளக்கு எரிந்ததும் அதை அணைத்துவிடுவேன், உறுமும். வேர்க்கும். துடைக்கக் கூடாது, துண்டு உரசும் சத்தம் விழும். பட்டுப்புடவையில் வந்த ஒரு பாடகிக்குக் கீழ்வீட்டு அம்மாளிடம் நைட்டி வாங்கிக் கொடுத்துப் பக்திப் பாட்டுப் பாட வைத்திருக்கிறேன். திட்டிக்கொண்டேதான் பாடினார். பதிவு சுத்தமாக இருந்தது.

என் பெயர் கொளஞ்சியப்பன். சொந்த ஊர் கம்மாபுரம். சுரங்கத்தில் வெடி வைக்கும் சத்தத்தில் பிறந்து, இயந்திரம் மண்ணைத் தோண்டும் சத்தத்தில் வளர்ந்தவன். எனக்குச் சத்தம் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் என்ன? அண்ணன் தம்பி அக்கா தங்கை யாரும் இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணமும் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் ரோட்டில் போகிறவன் எல்லாம் ஒருவனையொருவன் மாமா, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வான். நாற்பத்து மூன்று வயதாகியும் என்னை அப்படி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. ‘ஸ்டூடியோ’ என்பார்கள். ‘யோவ் ஸ்டூடியோ, ரெண்டு டீ சொல்லவா?’

2010இல் ஒருநாள் இளவரசி என்ற பெண் வந்தார். கடலூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர். வெளிநாட்டில் வேலை செய்யும் கடலூர்க்காரர்களுக்காக ‘உப்புக்காத்து’ என்று வாரம் ஒரு பேச்சு நிகழ்ச்சியைப் பதிவு செய்து இன்டர்நெட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“இதுக்குப் பேரு பாட்காஸ்ட் சார்” என்றார்.

“ரேடியோவா?”

“ரேடியோ மாதிரிதான். ஆனா எப்ப வேணா கேக்கலாம். கத்தார், மஸ்கட், சிங்கப்பூர்னு நம்ம ஊரு ஜனம் ரூம்ல ஒக்காந்து சமைச்சுக்கிட்டே கேப்பாங்க.”

சமைத்துக்கொண்டு கேட்பவர்களுக்கு எதற்கு இவ்வளவு சுத்தமான ஒலி என்று எனக்குள் ஒரு எரிச்சல் எழுந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். காலையில் சாப்பிட்டது உப்புமா என்றார், நல்ல பெண்.

அந்த வாரத்து விருந்தாளி காசிநாதன். கடலூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் மீன் ஏலம் விடுகிறவர். அவர் ஏன் பேச ஒத்துக்கொண்டார் என்பதை இளவரசி முன்கூட்டியே சொல்லிவிட்டார். காசிநாதனின் மகள் வித்யாவுக்கு ஆவணியில் கல்யாணம். பெண்ணுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டிய தாய்மாமன் உத்திராபதி மஸ்கட்டில் இருக்கிறான். காசிநாதன் மனைவி மலர்க்கொடியின் ஒரே தம்பி. வரமாட்டேன் என்கிறான்.

காரணம் ஒரு காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது உத்திராபதி கையைத் தூக்கினான். காசிநாதன் உடனே, ஊசிப்போகிற நிலையில் கிடந்த ஒரு திருக்கைமீன் குவியலை அவன் பேரில் மூன்று தரம் கூவி முடித்துவிட்டார். ‘நான் காது சொறிஞ்சேன் மாமா’ என்றான் அவன். கடற்கரையில் கையைத் தூக்கினால் கேட்டதாகத்தான் அர்த்தம் என்றார் இவர். ஊர்ப் பஞ்சாயத்தும் அதையே சொன்னது. உத்திராபதி அந்தத் திருக்கையைக் கடலிலேயே கொட்டிவிட்டு, அக்கா வீட்டுப் படியை இனி மிதிப்பதில்லை என்று விமானம் ஏறிவிட்டான். காசிநாதன் போன் செய்தால் எடுப்பதில்லை. ஆனால் வாராவாரம் ‘உப்புக்காத்து’ கேட்கிறான்.

“அவரு கேக்குற எடத்துல போய் இவரு பேசப்போறாரு சார். அவ்வளவுதான் விஷயம்” என்றார் இளவரசி.

காசிநாதன் வந்தார். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, கடல் காற்றில் வெந்த முகம். சுவர் முழுக்க நான் ஒட்டியிருந்த முட்டை அட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“ஏந்தம்பி, முட்டையெல்லாம் எங்க?”

அந்தக் குரலுக்குக் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. கீழே மில்காரர் என்னவோ ஏதோ என்று மோட்டாரை நிறுத்தினார்.

ஹெட்போன் மாட்டச் சொன்னேன். “காத அடச்சுக்கிட்டா அல அடிக்கறது எப்படித் தெரியும்?” என்று கழற்றி வைத்துவிட்டார். சிதம்பரத்தில் அலை அடிப்பதில்லை என்று நான் வாதாடவில்லை. ஹெட்போன் இல்லையென்றால், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிற நான் பேசுவது அவருக்குக் கேட்காது. கைச் சைகையால்தான் சொல்ல வேண்டும். அதை விளக்க ஆரம்பித்தேன்.

“பெரியவரே, நான் ஒரு விரலைக் காட்டினா...”

“கைய எனக்குச் சொல்லித் தரியா? முப்பது வருசமா கையப் பாத்துதான்யா சோறே திங்கறேன். நீ காட்டு, நான் புரிஞ்சுக்கறேன்.”

சரிதான், அனுபவஸ்தர் என்று விட்டுவிட்டேன்.

பதிவு தொடங்கியது. ‘வணக்கம்’ என்று அவர் சொன்னதும் என் மீட்டரின் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய் மைக்கை ஒரு முழம் தள்ளிவைத்தேன். போதவில்லை. அறையின் கடைசி மூலையில் அவரை நிறுத்தினேன். போதவில்லை. கடைசியில் மைக்கை எதிர்ச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து, மேலே என் போர்வையைப் போட்டேன். அப்போதுதான் ஏதோ மனிதக் குரல் மாதிரி வந்தது. வெளிநாட்டிலிருந்து தருவித்த மைக் அது. கள்ளனைப் பிடித்து முக்காடு போட்டது போல நின்றது.

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்” என்று கெஞ்சினேன்.

“மெதுவாவா?” அவர் முகம் சுருங்கியது. “ஏலக்காரன் மெதுவாப் பேசுனா ஏவாரிக்கிட்ட எதுவோ வாங்கிக்கிட்டான்னு அர்த்தம் தம்பி. பொறந்ததுலேந்து நான் யார் காதுலயும் பேசுனதில்ல. எம் பொஞ்சாதிகிட்டகூட ஊருக்கே கேக்குற மாதிரிதான் பேசுவேன்.”

பாவம் அந்த அம்மாள் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தி, மறுபடி விளக்கைப் போட்டேன்.

இளவரசி கேள்வி கேட்கக் கேட்க அவர் மீனைப் பற்றி, காற்றைப் பற்றி, ஐஸ் கட்டியில் வியாபாரி செய்யும் திருட்டுத்தனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். மச்சானைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. நேரம் ஓடியது. கோயில் மணி அடித்துவிடும் என்று எனக்குக் கவலை. கடைசியில் இளவரசி, “அண்ணே, நம்ம ஜனங்களுக்காக ஒரு ஏலம் கூவிக் காட்டுங்களேன்” என்றார்.

“மீனு எங்கம்மா?”

“சும்மா ஒரு மாதிரிக்குண்ணே.”

“பொருள் இல்லாம கூவக் கூடாது. வெறும் ஏலம் கூவுனா மறுநாளு வலையும் வெறுமனே வரும்.”

இளவரசி மேஜையில் இருந்த என் பிளாஸ்க்கைக் காட்டினார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பலமாகத் தலையாட்டினேன். அது நல்ல பிளாஸ்க்.

காசிநாதன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். வந்ததிலிருந்து அந்த அறையில் விழுந்த முதல் அமைதி. முள் பூஜ்யத்தில் படுத்திருந்ததைப் பார்க்க எனக்குக் கண் குளிர்ந்தது. அப்புறம் அவர் போர்வை போட்ட மைக்கைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

“இருக்கு ஒரு பொருளு! கேட்டுக்குங்க ஜனங்களே! எம்பொண்ணு வித்யாவுக்கு ஆவணியில கல்யாணம்! அதுல தாய்மாமன் எடம் ஒண்ணு காலியாக் கெடக்குது! அம்சமான எடம்! பழுது இல்ல, நாத்தம் இல்ல, ஐஸ்ல வச்சது இல்ல! சொந்தக்காரன் கடல் தாண்டி ஒக்காந்துகிட்டு வேணாங்கறான்! வந்துடுச்சு ஏலத்துக்கு! சீர்த்தட்டு எத்தினி? கேளு! கேளு!”

அவர் கணக்கு என்ன என்பது எனக்கே புரிந்தது. கேட்பதற்கு அங்கே ஆளில்லை. கேட்க நாதியில்லை என்று இரண்டு முறை கூவி முடிப்பார். மஸ்கட்டில் ஒருத்தன் நெஞ்சில் அது முள்ளாகத் தைக்கும். கோபத்திலும் ஒரு கெஞ்சல் இருந்தது.

ஆனால் என் வேலை மீட்டரைப் பார்ப்பது. முள் மறுபடியும் சிவப்பில். ‘ஒரு நிமிஷம் பொறுங்கள்’ என்று ஒரு விரலைத் தூக்கினேன்.

“ஒரு தட்டு! கண்ணாடிக்கு அந்தாண்ட ஒரு தட்டு கேட்டாச்சு!”

இரண்டு கையையும் விரித்து, ‘சத்தத்தைக் குறையுங்கள்’ என்று கீழே அமுக்கிக் காட்டினேன்.

“பத்து வெரலு! பதினோரு தட்டு!”

மறுபடி அமுக்கினேன்.

“இருவத்தொண்ணு!”

பலங்கொண்ட மட்டும் அமுக்கினேன்.

“முப்பத்தொண்ணு! ஒத்தப்படை! ஆளு அசராம ஏத்துறாருய்யா!”

வேறு வழியில்லாமல் ஆட்காட்டி விரலால் கழுத்தில் ஒரு கோடு இழுத்தேன். எங்கள் தொழிலில் ‘நிறுத்து’ என்று அர்த்தம்.

“கழுத்துக்கும் சேத்துக் கேக்குறாரு!”

ஹெட்போன் மாட்டியிருந்த இளவரசிக்கு நான் அலறியது கேட்டிருந்தது. “அண்ணே, அவரு கேக்கலண்ணே! அது சைகைண்ணே!” என்று கத்தினார்.

“ஏலத்துல குறுக்க பேசாதம்மா! தாய்மாமன் ஒருதரம்!”

கதவைத் திறந்துகொண்டு ஓடவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சிவப்பு விளக்கு எரியும்போது கதவைத் திறப்பவன் மனிதப் பிறவியே இல்லை என்று கதவில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெண்டுதரம் போனது. விளக்கை அணைத்தேன், பதிவை நிறுத்தினேன், வெளிக்கதவைத் திறந்தேன், உள்கதவைத் திறந்தேன். மூணுதரமும் போய்விட்டிருந்தது.

கடற்கரையில் ஏலம் முடிந்த குவியல் மேல் ஒரு கை கடல்தண்ணீர் தெளிப்பார்களாம், விற்றுவிட்டது என்பதற்கு அடையாளமாக. காசிநாதன் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் மூஞ்சியில் தெளித்தார். பாதி மைக் ஒயரில் விழுந்தது.

“மச்சான்” என்று என் கையைப் பிடித்தார். “ரெண்டு நாளைக்கு முன்னாடியே வந்துடணும், ஆமா.”

“ஐயா, நான் எதையும் கேக்கல. சத்தத்தக் கொறைங்கன்னு சொன்னேன்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். யோசிக்க யோசிக்க முகம் கறுத்தது. பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார்.

“நல்லாக் கேளு. நீ கேக்கலன்னா, அன்னிக்கு உத்திராபதியும் கேக்கல. அவன் கேக்கலன்னா, நான் அவன் தலையில அந்தத் திருக்கையக் கட்டுனது அநியாயம். அது அநியாயம்னா, முப்பது வருசமா நான் கூவுனதெல்லாம் என்னா? ஊருல நான் தல நிமிந்து நடக்க முடியுமா? அதனால, நீ கேட்டே.”



நான் முடியாது என்று சொல்லி அனுப்பியதும் விவகாரம் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனது. பஞ்சாயத்து சிதம்பரத்துக்கு வந்தது. தலைவர் பொன்னுரங்கமும் இன்னொரு பெரியவரும் செருப்பை, துண்டை, பொடி டப்பாவை வாளியில் போட்டுவிட்டு, ஒரு மாதிரிப் பயபக்தியோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். காலையில் பழைய சோறு என்றார்கள். நியாயம் விசாரிக்க வேண்டும், பதிவைப் போடு என்றார்கள்.

போட்டேன். ‘சீர்த்தட்டு எத்தினி’ என்று குரல் கேட்டது. அடுத்து அமைதி. பிறகு ‘ஒரு தட்டு!’

“நிறுத்து” என்றார் பொன்னுரங்கம். “அந்த சும்மா இருந்த எடத்தத் திரும்பப் போடு.”

போட்டேன். இருவரும் கண்ணை மூடி அந்த அமைதியைக் கேட்டார்கள்.

“இன்னொருக்கா.”

இருபது வருஷமாக நான் பொத்திப் பொத்திப் பாதுகாத்த அமைதியை இத்தனை அக்கறையோடு கேட்டவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

“இந்த எடத்துல கையத் தூக்குனியா இல்லையாப்பா?”

“தூக்குனேங்க. ஆனா...”

“முடிஞ்சுது.”

கழுத்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள். கழுத்தென்றால் நகைதான் என்று யாரும் சொல்லவில்லை, மாலையும் கழுத்தில்தானே விழுகிறது, ஆகையால் ரோஜா மாலை போதும் என்று தீர்ப்பு. முப்பத்தோரு தட்டில் ஒன்றும் குறையக் கூடாது.

போலீசுக்குப் போகலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என்னவென்று புகார் எழுதுவது? ‘என்னைத் தாய்மாமன் ஆக்கிவிட்டார்கள்’ என்றா?

மூன்றாம் நாள் மலர்க்கொடி வந்தார். யாரும் சொல்லாமலே வளையல்களைக் கழற்றி வாளியில் போட்டார். கையில் ஒரு தூக்கு. “தம்பி” என்றார். தலை நரைத்தவனைப் பெண்கள் யாரும் தம்பி என்று கூப்பிட்டு நாளாகியிருந்தது.

“நெத்திலிக் கொழம்பு. தனியாப் பொங்கித் திங்கறியாமே. ஆறறதுக்குள்ள சாப்புடு.”

ஸ்டூடியோவுக்குள் சாப்பாடு கூடாது என்பது என் முதல் சட்டம். போர்வை போட்ட மைக்கின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

“அவுருக்கு வாயி மட்டுந்தான் பெருசு” என்றார் மலர்க்கொடி. “உள்ளுக்குள்ள அழுவுறாரு. உத்திராபதியத் தூக்கி வளத்ததே அவுருதான். நெசத் தம்பியும் வரல, ஏலத்துல எடுத்த தம்பி நீயும் வரலன்னா, மணவறையில எம்பக்கம் யாரு நிப்பா, சொல்லு.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணு மட்டும் செய்யி. அந்தப் பதிவ வெட்டாம கொள்ளாம அப்படியே அனுப்பு. தன் எடத்த எவனோ வாங்கிட்டான்னு கேட்டாலாவது அவனுக்கு உறைக்குதா பாப்போம்.”

நான் ஒரு இருமலைக்கூட வெட்டாமல் வெளியே விட்டதில்லை. இதை வெட்டவில்லை. காசிநாதனின் கூவல், இளவரசியின் கத்தல், ஒருதரம், ரெண்டுதரம் எல்லாம் அப்படியே மஸ்கட்டுக்குப் போனது. ‘உப்புக்காத்து’ நிகழ்ச்சியிலேயே அதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள் என்றார் இளவரசி. கத்தாரிலிருந்து யாரோ நாற்பது தட்டு கேட்டு எழுதியிருந்தானாம். ஏலம் முடிந்துவிட்டது என்று பதில் போட்டிருக்கிறார். உத்திராபதியிடமிருந்து மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை.

ஆடி முழுக்க நான் தட்டுச் சேர்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகச் சேர்த்தேன். காடாம்புலியூருக்குப் போய்ப் பலாவும் முந்திரியும் எடுத்துவந்தேன். வெற்றிலை, மஞ்சள், கற்கண்டு, ஆப்பிள், புடவை, சோப்பு, சீப்பு, கண்ணாடி என்று அடுக்கியும் இருபத்தொன்பதுதான் வந்தது. மாவு மில்காரர் ஒரு தட்டு நிறைய அரிசிமாவு கொடுத்தார். கடைசித் தட்டுக்கு ஒன்றும் தோன்றாமல் என் பிளாஸ்க்கை வைத்தேன்.

கல்யாணம் கடலூர் முதுநகரில் ஒரு மண்டபத்தில். பட்டு வேட்டியில் நான் இறங்கியதும் குப்பமே வாசலில் நின்று எண்ணியது. ‘முப்பத்தொண்ணு சரியா இருக்குது’ என்று பொன்னுரங்கம் சத்தமாக அறிவித்தார். வித்யா வந்து காலில் விழுந்தாள். “என்ன மாமா, ரொம்ப எளைச்சுட்டீங்க” என்றாள். அந்தப் பெண் என்னை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. நான் இளைத்துத்தான் போயிருக்கிறேன் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

ரோஜா மாலையைக் கையில் எடுத்தபோது வாசலில் ஒரு டாக்சி நின்றது. பெட்டியும் கையுமாக ஒருத்தன் இறங்கினான். மலர்க்கொடி “உத்திராபதி!” என்று ஓடினார். அவன் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஆனால் கண் காசிநாதன் மேலேயே இருந்தது. செல்போனை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். இளவரசியின் குரல் அதிலிருந்து கத்தியது: ‘அவரு கேக்கலண்ணே! அது சைகைண்ணே!’

“கேட்டியா மாமா?” என்றான். “ஒலகமே கேட்டுச்சு. இவரு கையத் தூக்குனாரு, ஆனா கேக்கல. அப்ப நானும் கையத் தூக்குனேன், கேக்கல. அத மட்டும் உன் வாயால சொல்லிடு. நான் மாலையப் போடறேன். இல்லன்னா இப்பிடியே டாக்சியில திரும்பிப் போறேன்.”

காசிநாதன் தூணோடு தூணாக நின்றார். சொன்னால் முப்பது வருஷம் போகிறது. சொல்லாவிட்டால் மச்சான் போகிறான். ஐயர் நேரமாகுது என்று கத்துகிறார். நாதஸ்வரம் அதற்கு மேல் கத்துகிறது. ஆளாளுக்கு நியாயம் பேசுகிறார்கள். குழந்தைகள் அழுகின்றன. மலர்க்கொடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்குத் தலை வெடித்தது. என்னை அறியாமல் மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக் கீழே அமுக்கினேன்.

மண்டபம் அடங்கியது. நாதஸ்வரம் நின்றது. தவில் நின்றது. என் வாழ்க்கையில் அந்தச் சைகையைச் சரியாகப் புரிந்துகொண்ட கூட்டம் அது ஒன்றுதான்.

அந்த அமைதியில் காசிநாதன் நடந்து போனார். மச்சானின் தோளில் கை வைத்தார். ஊரே வாயைத் திறந்துகொண்டு பார்க்க, அவன் காதுப் பக்கம் குனிந்தார்.

“நீ காதத்தான்டா சொறிஞ்சே” என்றார். “அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் அது கேட்டது. எந்த மைக்கிலும் விழாத குரல். பொன்னுரங்கம், “என்னாய்யா சொன்ன? சத்தமாச் சொல்லு!” என்றார்.

“வேணாம்” என்றேன் நான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். “லெவல் சரியா இருக்கு.”

உத்திராபதி காசிநாதனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். சின்னப் பையன் மாதிரி அழுதான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கணக்கு எனக்கும் புரிந்தது. அவன் கேட்கவில்லை என்றால் நானும் கேட்கவில்லை. மாலையைத் தோளிலிருந்து எடுத்து அவனிடம் நீட்டினேன். நீட்டும்போது கை வரவே இல்லை, பொய் சொல்வானேன்.

அவன் மாலையைப் பார்த்தான். வரிசையாக வைத்திருந்த தட்டுகளைப் பார்த்தான். கடைசியில் இருந்த பிளாஸ்க்கை ரொம்ப நேரம் பார்த்தான்.

“மூணுதரம் கூவியாச்சு. எடுத்தது எடுத்ததுதான்” என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “தனியா எடுக்க முடியாதப்ப ரெண்டு பேரு கூட்டா எடுக்கறது கரையில இல்லாததா? தலைவரே, நான் இவரோட கூட்டு.”

பொன்னுரங்கம் யோசித்தார். “கூட்டு செல்லும்” என்றார்.

மாலையின் ஒரு பக்கத்தை அவன் பிடித்தான், மறுபக்கத்தை நான் பிடித்தேன். நாதஸ்வரக்காரர் விட்ட மூச்சை மறுபடி பிடித்துக்கொண்டு காதைப் பிளந்தார். பரவாயில்லை, ஊதட்டும் என்று இருந்தது. எங்கள் எதிரில் வந்து தலை குனிந்து நின்ற வித்யா, “மாமா” என்றாள்.

இருவரும் “என்னம்மா?” என்றோம். நான்தான் கொஞ்சம் முந்திவிட்டேன்.